முன்பல்லில் வைத்த பாண்டிங் மறுபடியும் உடைந்துவிட்டது, என்ன செய்யலாம்?

மழைக்குருவி:
கீழே விழுந்து அடிபட்டதில் மேல் முன்பல் ஒன்றின் மூலை சில்லாகப் பெயர்ந்துவிட்டது. பல் மருத்துவர் காம்போசிட் (பல் நிறப் பிசின்) வைத்துப் பாண்டிங், அதாவது ஒட்டு, செய்தார். ஒட்டுப் போட்ட பல் என்று யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவு அழகாக வந்தது. ஆனால் சில மாதங்களில் உடைந்தது. திரும்ப வைத்தும் அதே மூலை போய்விட்டது. வலியோ கூச்சமோ இல்லை. நாக்கு பட்டால் உறுத்துகிறது, மிச்சமிருக்கும் ஒட்டின் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிகிறது. பேசாமல் வெனீர் (பல்லைச் சீவி முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) போட்டுக்கொள் என்கிறார்கள் வீட்டில். நல்ல பல்லைச் சீவ எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

வெண்பா:
எதையாவது கடிக்கும்போது உடைந்ததா? நகம் கடிப்பது, பேனா மூடியைக் கடிப்பது மாதிரி பழக்கம் உண்டா?

மழைக்குருவி:
அப்படி எதுவும் இல்லைங்க. காலையில் எழுந்து பல் துலக்கும்போதுதான் கவனித்தேன், போன தடவையும் அப்படித்தான். எழுந்ததும் தாடை இறுகிப்போய் இருக்கும்.

கதிர்:
பல் மருத்துவனாகச் சொல்கிறேன், வெனீர் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரே மூலை திரும்பத் திரும்ப உடைந்தால், பெரும்பாலும் கீழ்ப்பல் அங்கே இடிக்கிறது, இல்லையென்றால் ஒட்டும்போது ஈரம் பட்டிருக்கிறது.

பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல்மேல் பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை (வழக்கமாக 37 சதவீதம்) 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவி உலர்த்துவோம். அந்த இடம் மட்டும் சாக்பீஸ் மாதிரி வெளுத்துத் தெரியும். அங்கே உண்டான நுண்குழிகளுக்குள் பாண்டிங் திரவம் இறங்கி, நீல ஒளியில் இறுகுவதுதான் பிடிப்பு. 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் புவோனகோர் இந்த ஆசிட் முறையைக் காட்டியதிலிருந்து அடிப்படை இதுதான். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு போச்சு. அதனால் ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு) போட்டுச் செய்ய முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

இருந்தாலும் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. கலர் பேப்பர் வைத்துக் கடியைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயை மூடிப் பார்த்தால் மட்டும் போதாது, தாடையை முன்னாலும் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். மூலை உரசுவது அப்போதுதான் பிடிபடும். உரசினால் அங்கே தேய்த்துச் சரிசெய்து, இரவில் பல்லுக்குமேல் போட நைட் கார்டு என்ற உறை எடுத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு வெனீர் போட்டால் அதுவும் உடையும், சீவிய எனாமல் திரும்ப வளராது.

பழுப்புக் கோடு மேலோட்டமான கறை என்றால் பாலிஷில் போய்விடும். உள்ளே இறங்கியிருந்தால் பழையதை எடுத்துவிட்டு, சொத்தை இருக்கிறதா என்று பார்த்துத்தான் புதிதாக வைக்க வேண்டும். அடிபட்ட பல் என்பதால் எக்ஸ்ரேயும் நரம்புப் பரிசோதனையும் அவசியம். வலி இல்லாமலேயே நரம்பு செத்துப்போவது உண்டு. பல் கருக்க ஆரம்பித்தால் தள்ளிப்போடவே கூடாது.

மல்லி:
பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். காம்போசிட் வெளுக்காது. பிளீச்சிங் முடிந்ததும் ஒட்டினாலும் பிடிப்பு குறையும், ஒரு 2 வாரம் விடச் சொல்வார்கள். அப்புறம், ஷேடு (பல்லின் நிறம்) பார்ப்பது வாயைத் திறந்து உட்கார்ந்தவுடனே நடக்கட்டும். பல் காய்ந்தால் வெளிறிவிடும், அதற்கேற்ற நிறத்தில் வைத்தால் மறுநாள் ஒட்டு மட்டும் தனியாகத் தெரியும்.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி. எல்லாம் சரியாக அமைந்தால் எத்தனை நாள் வரும்?

கதிர்:
பொதுவாக 3 முதல் 10 ஆண்டு. கடியையும் பழக்கத்தையும் பொறுத்தது. காபி, டீ, புகையால் கறை ஏறும், இடையிடையே பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். ஓரம் சிறிதாகப் பெயர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் சேர்த்துவிடலாம்.

மழைக்குருவி:
போய்ப் பார்த்துவிட்டேன். தாடையை முன்னால் நகர்த்தியதும் அந்த மூலையில் மட்டும் பேப்பரின் நீலம் அழுத்தமாகப் பதிந்தது. எக்ஸ்ரேயில் நரம்புப் பிரச்சினை எதுவும் தெரியவில்லை. பழையதை எடுத்துவிட்டு ரப்பர் டேம் போட்டுப் புதிதாக வைத்திருக்கிறார், நைட் கார்டுக்கும் அளவெடுத்துக்கொண்டார். கார்டை எப்படிச் சுத்தம் செய்வது?

வெண்பா:
பச்சைத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வெந்நீர் வேண்டாம், வடிவம் மாறிவிடும்.