மறு: இதய அறுவைக்குப் பின் வரும் 'ஜெட்' – தமிழில் என்ன?

> ஜங்க்ஷனல் எக்டோபிக் டாக்கிகார்டியா (JET, 'ஜெட்') = சந்தி இடம்பிறழ் மிகைத்துடிப்பு

ஐயா, 'சந்தி' (மேலறையும் கீழறையும் சேருமிடம்) இருக்கட்டும். மற்ற இரண்டும் இடிக்கின்றன. இடையில் தனியாக வந்துபோகும் கூடுதல் துடிப்புக்குத்தான் 'மிகைத்துடிப்பு' பொருந்தும். இங்கே சேதி வேகம், ஆகவே 'விரைதுடிப்பு'. 'இடம்பிறழ்' என்பதோ துடிப்பு வழக்கமாகத் தொடங்கும் சைனஸ் கணுவுக்கு வெளியே எங்கே கிளம்பினாலும் ஒட்டிக்கொள்ளும்.

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்னும் பிறவி இதயக் குறைக்கான அறுவையிலும், கீழறைத் தடுப்புச்சுவர் ஓட்டையை அடைக்கும்போதும் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஹிஸ் கற்றைக்குப் பக்கத்தில் தையல் விழுகிறது, தசை இழுபடுகிறது. அடிபட்ட அந்த இடம் தானாகவே துடிப்பைக் கிளப்புகிறது. பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். கீழறை நிமிடத்துக்கு 170-க்கு மேல், சில குழந்தைகளில் 230 வரை ஓடும். மேலறை தன் போக்கில் மெதுவாகத் துடிக்கும். இரண்டும் இசையாததால் இரத்த அழுத்தம் சரியும். வட்டமடிக்கும் மின்சுற்று எதுவும் இல்லாததால் ஷாக் கொடுத்தும் பயனில்லை. அடினோசின் (மேலறை-கீழறைக் கடத்தலைச் சிறிது நேரம் தடுக்கும் மருந்து) கொடுத்தால் மேலறையும் கீழறையும் பிரிந்து ஓடுவது ஈசிஜியில் தெளிவாகும், ஓட்டம் நிற்காது. துடிப்பு தானாகக் கிளம்புகிறதா, சுற்றில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை இருப்பதால், 'சந்தித் தன்னெழு விரைதுடிப்பு' என்கிறேன்.

---

> தன்னெழு

'தன்னியக்க' என்று பழகிய சொல்லே இருக்கிறதே? ஷாக்குக்கு அடங்கும் வகையை என்னவென்பீர்கள்?

---

தன்னியக்க நரம்பு மண்டலத்தோடு குழம்பும். அதே பத்தியில் அட்ரினலின் பேச்சும் வருமே!

மற்றது 'சுழல் விரைதுடிப்பு'. ஃபோன்டான், மஸ்டர்ட், சென்னிங் என்னும் பிறவி இதயக் குறை அறுவைகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து, மேலறைத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிப்பது. அதற்கு ஷாக் கேட்கும்; கொடுக்குமுன் மேலறையில் இரத்தக்கட்டி இல்லையென்று பார்த்தாக வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் வட்டத்தை, வடிகுழாய் வழியே திசுவைச் சுடும் அப்லேஷனில் வெட்டலாம்.

---

ஏற்கிறேன். கலைச்சொல் பதிவில் சிகிச்சையையும் இப்படிச் சேர்க்கலாம்:

இதயத்தைத் தூண்டும் டோபமின், அட்ரினலின் சொட்டுகளை முடிந்தவரை குறைப்பது. வலியும் காய்ச்சலும் இல்லாமல் பார்ப்பது. மக்னீசியம், பொட்டாசியம், கால்சியத்தைச் சரிக்கட்டுவது. அடங்காவிட்டால் உடலை 34-35 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விப்பது. நடுக்கம் வந்தால் குளிர்வித்தது வீண், அதனால் மயக்கமருந்தோடு தசைத்தளர்த்தியும் வேண்டும். துடிப்பைக் கட்டுப்படுத்தும் அமியோடரோன் மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம், 30 முதல் 60 நிமிடத்தில். அவசரப்பட்டு ஏற்றினால் அழுத்தம் இன்னும் விழும்.

தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி வழியாக மேலறையைச் சந்தியின் வேகத்துக்குச் சற்று மேலே ஓட்டினால் இரு அறைகளும் மீண்டும் இசையும். ஆனால் சந்தி 220-இல் ஓடும்போது இது நடக்காது: அந்த வேகத்தில் கீழறை நிரம்ப நேரமே இல்லை. முதலில் குளிரும் மருந்தும், பிறகே பேஸிங். வார்டில் 'ஜெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவில் அதையும் மாற்றுச்சொல்லாகப் போட்டுவிடுங்கள், தேடுபவர் அதைத்தான் தட்டச்சுவார்.