எல்லாருக்கும் பெர்மிஷன் குடுத்தும் ஒரு மெஷின்லயும் ஏறல: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

ஃபேர்லேண்ட்ஸ்:
மூணு வருஷம் ஆகியும் உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆபீஸ், 42 மெஷின், எல்லாம் டொமைன்ல (ஒரு சர்வர்ல இருந்தே எல்லாத்தையும் நிர்வகிக்கற அமைப்பு). பில்லிங் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் எம்எஸ்ஐ (இன்ஸ்டாலர்) ஃபைலா வந்துச்சு. சர்வர்ல ஃபோல்டரை ஷேர் பண்ணி, ஸ்டாஃப் குரூப்புக்கு ரீட் குடுத்து, குரூப் பாலிசியில (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து உத்தரவு போடற வசதி) கம்ப்யூட்டர் பக்கம் அசைன் பண்ணிட்டு சனிக்கிழமை ராத்திரி கிளம்பிட்டேன். திங்கக்கிழமை 42 மெஷினும் ஆன் ஆச்சு, ஒண்ணுலயும் ஏறல. இவென்ட் லாக்ல 102, எரர் 1612. அதாவது இன்ஸ்டால் பண்ண வேண்டிய ஃபைலே கிடைக்கலையாம். கேஷ் கவுன்ட்டர் அக்கா அந்த ஃபோல்டரை அவங்களே திறந்து, "எனக்குத் திறக்குதே தம்பி"ங்கறாங்க. வெளிய கஸ்டமர் வரிசை.

பதட்டத்துல ஷேர்ல எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் போட்டேன். அப்பவும் ஏறல. என்டிஎஃப்எஸ் பெர்மிஷன்லயும், அதாவது டிஸ்க்குல அந்த ஃபோல்டருக்கே இருக்கற பெர்மிஷன்லயும், அதையே போட்டேன். சிலதுக்கு ரெண்டு ரீபூட் ஆச்சு, மதியத்துக்குள்ள 42லயும் ஏறிடுச்சு. முதலாளி டீ வாங்கிக் குடுத்தார். நானும் அதோட மறந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு வேற வேலையா அந்த ஃபோல்டரைத் திறக்கறேன். எம்எஸ்ஐ ஃபைலுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கேன். அக்காவோட பேரனுக்கு ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம். எல்லாருக்கும் திறக்கற ஃபோல்டராச்சேன்னு அங்க சேவ் பண்ணியிருக்காங்க. அவங்க மேல தப்பே இல்ல. எனக்குத்தான் உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. ஸ்கேனைப் போட முடிஞ்சவங்களுக்கு அந்த எம்எஸ்ஐயை எடுத்துட்டு அதே பேர்ல வேற ஒண்ணை வைக்கவும் முடியும். அடுத்து புதுசா ஒரு மெஷின் டொமைன்ல சேர்ந்தா அது சிஸ்டம் அக்கவுன்ட்ல, அந்த மெஷின்ல எதை வேணா செய்யற உரிமையோட ஓடும்.

குடுக்க வேண்டியிருந்தது ஸ்டாஃபுக்கே இல்ல. கம்ப்யூட்டர் பக்கம் அசைன் பண்ணினா யாரும் லாகின் ஆகறதுக்கு முன்னாடி மெஷினே போய் ஃபைலை எடுக்கும், தன்னோட சொந்த அக்கவுன்ட்ல. டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குரூப்புக்கு ஷேர்லயும் என்டிஎஃப்எஸ்லயும் வெறும் ரீட் போதும். ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

ஏற்காடு:
எனக்கு நேர் எதிருங்க. பாஸ்வேர்டு சரி, அட்மின் அக்கவுன்ட் சரி, ஆனா கதவு திறக்கல.

மேல ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ். அஞ்சு மெஷின், டொமைன் கிடையாது, வெறும் வொர்க்குரூப், ஒவ்வொரு மெஷினுக்கும் அதோட அக்கவுன்ட் தனி. சேலத்துல இருந்து விபிஎன்ல ஒரு அப்டேட்டைத் தள்ளணும். ஃபயர்வால்ல ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் திறந்திருக்கு, ஆனா அட்மின் ஷேருக்குள்ள (அட்மினுக்கு மட்டும் திறக்கற மறைவான ஷேர்) போனா "ஆக்சஸ் டினைடு". ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதே. காலைல பைக்கை எடுத்தேன். மார்கழிப் பனி, 20 கொண்டை ஊசி வளைவு, முன்னாடி போற பஸ்ஸோட சிவப்பு லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. ஆபீஸ்ல போய் உக்காந்து அதே பேரு, அதே பாஸ்வேர்டு அடிச்சேன். பட்டுனு உள்ள விட்டுச்சு. ரைட்டர் ஐயா பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு, "இதையேதானுங்க நேத்தும் போட்டீங்க?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரல.

விஸ்டாவுல இருந்தே அப்படித்தானாம். லோக்கல் அட்மின் அக்கவுன்ட் நெட்வொர்க் வழியா வந்தா விண்டோஸ் அதோட அட்மின் உரிமையைக் கழட்டிட்டு சாதாரண யூசராத்தான் உள்ள விடும். விண்டோஸோடயே வர்ற அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டுக்கும், டொமைன் அக்கவுன்ட்டுக்கும் மட்டும் அந்தக் கழட்டல் இல்ல. ரெஜிஸ்ட்ரியில லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி 1னு வெச்சு அந்தக் கழட்டலை நிறுத்தினேன், கீழ இருந்து அப்டேட் போச்சு.

அம்மாபேட்டை:
ஏற்காடு நண்பரே, 1னு வெச்சது தப்பு. நீங்க எழுதினதைப் பார்த்து நாளைக்கு நாலு பேர் அதையே செய்வாங்க, அதனால விடமாட்டேன். அந்த அஞ்சு மெஷின்லயும் அட்மின் பாஸ்வேர்டு ஒண்ணுதானே? ஒரு மெஷின் போச்சுன்னா அஞ்சும் போச்சு. 2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் அப்படித்தான் பரவுச்சு. ஒரு மெஷின்ல திருடின அட்மின் அக்கவுன்ட்டை வெச்சு, நாம தினம் தொடற பிஎஸ்எக்ஸெக் (வேற மெஷின்ல கமாண்ட் ஓட்டற டூல்) வழியாவே அடுத்த மெஷினுக்குப் போச்சு. உங்களுக்குத் திறந்த கதவு அதுக்கும் திறக்கும்.

என் கதை ரெண்டே வரி. ஒரு ஆபீஸ்ல முன்னாடி இருந்தவர் குரூப் பாலிசியோட ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை எழுதி வெச்சிருந்தார். டொமைன்ல இருக்கற யார் வேணா படிக்கற எக்ஸ்எம்எல் ஃபைல் அது. அதைத் திறக்கற சாவியை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கு. நான் ஒரு சாதாரண யூசர் லாகின்ல பாஸ்வேர்டை எடுத்துக் காட்டினப்ப மேனேஜர் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டார்.

2014 மே அப்டேட் புதுசா அப்படி எழுதறதைத்தான் நிறுத்துச்சு, பழசை அழிக்காது. எல்லாரும் உங்க சிஸ்வால் ஃபோல்டர்ல (பாலிசி ஃபைலெல்லாம் இருக்கற இடம்) சிபாஸ்வேர்டுன்னு (cpassword) ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்தது லேப்ஸ் போடுங்க, லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைப் பார்த்துக்கற மைக்ரோசாஃப்ட் டூல். 2015ல இருந்து இலவசம், 2023 ஏப்ரல் அப்டேட்ல இருந்து விண்டோஸுக்குள்ளயே இருக்கு. மெஷினுக்கு மெஷின் வேற பாஸ்வேர்டு, தானா மாறும். மூணாவது, சாஃப்ட்வேர் போடறதுக்கு டொமைன் அட்மின் அக்கவுன்ட்டை எடுக்காதீங்க. ஆக்டிவ் டைரக்டரியில (டொமைனோட அக்கவுன்ட் பதிவேடு) தனியா ஒரு குரூப் போட்டு, பாலிசி மூலமா ஆபீஸ் மெஷின்களோட லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்ல மட்டும் சேருங்க. சர்வர் பக்கம் அந்தக் குரூப்புக்கு ஒரு உரிமையும் வேண்டாம். டொமைன் அட்மினா ஒருத்தரோட மெஷின்ல உக்காந்து லாகின் ஆனீங்கன்னா அதோட தடயம் அந்த மெஷின் மெமரியில இருக்கும். அதை எடுக்கறவனுக்கு முழு ஆபீஸும் கைல வந்துடும்.

ஏற்காடு:
பாஸ்வேர்டு விஷயம் ஒத்துக்கறேனுங்க. ஒண்ணேதான் வெச்சிருந்தேன். ஆனா லேப்ஸ் எங்க போடறது? அந்தப் பாஸ்வேர்டைக் கொண்டுபோய் வெக்க ஆக்டிவ் டைரக்டரி வேணும், இல்ல மைக்ரோசாஃப்டோட க்ளவுட் பதிவேடு என்ட்ரா வேணும். அங்க சர்வரே கிடையாது. அஞ்சுல ரெண்டு ஹோம் எடிஷன், டொமைன்லயே சேராது. மழை பெஞ்சா கரன்ட்டே ரெண்டு நாள் இருக்காது. நீங்க சொல்றது எல்லாம் கீழ இருக்கற ஆபீஸுக்கு.

அன்னைக்கே அஞ்சுக்கும் வேற வேற பாஸ்வேர்டு வெச்சு, நோட்டுல எழுதி, ரைட்டர் ஐயா பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சு. அப்டேட் முடிஞ்சதும் அந்த 1ஐ 0 ஆக்கிட்டுத்தான் இறங்கினேன். அதை முதல்லயே எழுதாதது என் தப்பு.

சூரமங்கலம்:
நீங்க ரெண்டு பேரும் வெளிய இருந்து வர்றவனைப் பத்தியே பேசறீங்க. எனக்கு நடந்தது உள்ளேயே.

2021 ஆகஸ்ட் அப்டேட் ஞாபகம் இருக்கா? பிரிண்ட்நைட்மேர்ங்கற விண்டோஸ் பிரிண்டிங் ஓட்டைக்கு அப்புறம், பிரிண்டர் டிரைவர் போட அட்மின் உரிமை வேணும்னு ஆக்கினாங்களே, அது. ஒரே நாள்ல 60 பேர் போன். ஒவ்வொரு டேபிளா ஓடி என் பாஸ்வேர்டை அடிச்சேன். மூணாவது நாள் மேலதிகாரி, "எல்லாரையும் அட்மின் ஆக்கிடும்மா, ஒரு வாரம்தானே"ன்னார். வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. டொமைன் யூசர்ஸை அப்படியே லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்ல சேர்த்துட்டேன். அந்த ஒரு வாரம் பொங்கல் வரைக்கும் போச்சு.

ஜனவரியில புதுசா சேர்ந்த ஒரு பையன் மெஷினைப் பார்க்கப் போனேன். ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணி வெச்சிருந்தான். "யாருப்பா பண்ணினது?" "நான்தான் மேடம், ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு." "உனக்கு யாரு அந்த உரிமையைக் குடுத்தது?" அவன் பயந்து, "கேக்கவே இல்ல மேடம், க்ளிக் பண்ணினேன், போயிடுச்சு"ன்னான். குடுத்தது நான். அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

அப்புறம் செஞ்சது இவ்வளவுதான்: டிரைவரை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்ல மெஷின் மூலமாவே போட்டேன். டிரைவர் ஏற்கனவே இருந்தா யூசர் பிரிண்டரை இணைக்கறப்ப அட்மின் கேக்கல. ஒரு மதியம் வேலை. ஆகஸ்ட்லயே செஞ்சிருக்கலாம்.

ஆத்தூர்:
ஃபேர்லேண்ட்ஸ் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு ரெண்டு இடத்துலயும் ரீட் குடுத்துட்டேன், இன்னும் அதே 1612. பாலிசியில Z டிரைவ் பாத் குடுத்திருக்கேன்.

ஃபேர்லேண்ட்ஸ்:
அதுதான் தம்பி. Z டிரைவ் லாகின் ஆன ஆளுக்குச் சொந்தம். ஆள் வர்றதுக்கு முன்னாடி மெஷினுக்கு Zன்னு ஒண்ணே கிடையாது. சர்வர் பேரு, ஷேர் பேருன்னு முழுப் பாதையா குடு. பழைய பேக்கேஜை எடுத்துட்டுப் புதுசா சேர்க்கணும், பாதையை அப்படியே திருத்த விடாது. முதல்ல ரெண்டு மெஷினைத் தனி ஓயூல (டொமைனுக்குள்ள ஒரு தனிப் பிரிவு) வெச்சுப் பாரு.

ஆத்தூர்:
மாத்திட்டேன் அண்ணா. முதல் மெஷின்ல ஏறிடுச்சு. ரெண்டாவது இன்னொரு ரீபூட் கேக்குது, டீ குடிச்சுட்டு வந்து பார்க்கறேன்.