புதுப்பிப்பு: பேட்டரி மாற்றியபின் 'தயாரில்லை' என்று காட்டிய 2003 டொயோட்டா கேம்ரி கார், புகைச் சோதனையில் தேறியது

புது பேட்டரி மாட்டியதும் காரின் கணினியிலிருந்த சுயபரிசோதனைப் பதிவுகள் அழிந்து, கலிபோர்னியாவின் புகைச் சோதனைக்கு வண்டி தயாராகாததைப் பற்றி இங்கு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பலன் தந்தது, இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் இயக்கி, நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைல் அளவில் சீராக ஓட்டியபின், பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிடும் யோசனைதான். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் பரிசோதனை முதலில் முடிந்தது. புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் பரிசோதனை மிகவும் தாமதித்தது. எதிர்பாராத ஒன்று: எரிபொருள் ஆவிக் கசிவுப் பரிசோதனை கடைசிவரை முடியவில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு அது ஒன்று மட்டும் நிலுவையில் இருக்க இம்மாநில விதி இடமளிப்பதால் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இடையில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியால் அதிலுள்ள பிழைக் குறியீடுகளை அழிக்காதீர்கள். அழித்தால் எல்லாப் பரிசோதனைகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.