ஸ்கின்ஹெட்கள்: ஜமைக்கா பாட்டுக்கு ஆடிய கால்கள் யாரை உதைத்தன?

ரெக்கார்டு ராசா:
"மொட்டைத் தலை, கனத்த பூட்ஸ், நாஜி சல்யூட். ஸ்கின்ஹெட் என்றால் இவ்வளவுதான்" என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அந்த முத்திரை எழுபதுகளின் கடைசியில் குத்தப்பட்டது. 1969இல் லண்டன் ஸ்கின்ஹெட் பையன், அதாவது உழைக்கும் வர்க்கத்து வெள்ளை இளைஞன், ஆடியது ஜமைக்காக் கறுப்பர்களின் பாட்டுக்கு. தாளத்தின் இரண்டு அடிகளுக்கு நடுவே கிட்டார் 'சக், சக்' என்று வெட்டும் ஸ்கா, அதற்கடுத்து ராக்ஸ்டெடி, ரெகே. அந்த ஏப்ரலில் ஜமைக்கப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரலைட்ஸ்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்தப் பையன்களின் சட்டைப்பைக் காசு இல்லாமலா? ஜமைக்கா இசைத்தட்டுகளை விற்ற டிரோஜன் நிறுவனம் பிழைத்ததே அவர்களையும் நம்பித்தான். ஒட்ட வெட்டிய முடியும் குட்டைக் கால்சட்டையும்கூடப் பாதி ஜமைக்காவின் 'ரூட் பாய்' என்ற தெருப் பையன்களைப் பார்த்து வந்தவை. பூட்ஸ் மட்டும் சொந்தச் சரக்கு, தொழிற்சாலைத் தொழிலாளியின் கால்களிலிருந்து வந்தது.

கமர்ஷியல்ரோடு:
ராசா, பாட்டை ரசித்தார்கள் என்பதை யார் மறுத்தது? நீங்கள் 1969இல் நின்றுவிட்டீர்கள், இன்னும் ஓர் ஆண்டு நகர்ந்து பாருங்கள். 1970 ஏப்ரலில் கிழக்கு லண்டனில், உணவக வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆசியக் குடியேறியான தோசிர் அலியை இரண்டு வெள்ளை இளைஞர்கள் கத்தியால் குத்திக் கொன்றார்கள். ஆசியர்களைத் தேடிப் பிடித்து அடிக்கும் அந்த விளையாட்டுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். எழுதக் கை கூசுகிறது. அன்றைய பத்திரிகைகளுக்குக் கூசவில்லை, தலைப்பிலேயே போட்டன. நேஷனல் ஃப்ரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி இவர்களை வளைத்துப் போட்டது இதற்குப் பல ஆண்டுகள் கழித்து. ஆகவே "நல்ல பையன்களை அரசியல் கெடுத்தது" என்ற கதையை என்னிடம் சொல்லாதீர்கள்.

ஓரமாய் ஒருவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஜமைக்காக்காரன் பக்கத்தில் நின்றால் சேர்ந்து ஆடுவான், வங்காளி தெருவில் நடந்தால் உதைப்பான். இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படி இருந்தன?

ரெக்கார்டு ராசா:
நியாயமான கேள்வி. ஜமைக்காப் பையன் இவனுடைய பள்ளியில் படித்தான், இவனுடைய கால்பந்து அணிக்கே கூச்சலிட்டான். வார இறுதியில் அவன் போகும் நடன அரங்கில் இவனும் நுழைந்தான். அவனிடம் இவன் பொறாமைப்படும் நடையும் உடையும் இருந்தன. வங்காளிகளும் பாகிஸ்தானியரும் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்த ஆண்கள். ஆலையில் இரவுப் பணி, ஒரே அறையில் ஐந்தாறு பேர், பகலில் தூக்கம். நடன அரங்கில் அவர்களை யாரும் பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், டிரோஜனை நடத்திய லீ கோப்தால் இந்திய வம்சாவளி ஜமைக்காக்காரர். அவர் முகத்தை எத்தனை பையன்கள் கண்டிருப்பார்கள்?

கமர்ஷியல்ரோடு:
நீங்களே என் வழக்கை வாதாடிவிட்டீர்கள். தனக்குப் பிடித்த பாட்டைத் தருபவன் மனிதன், பாட்டுத் தராதவன் உதைக்கு உரியவன். இதற்குப் பெயர் நட்பு என்றால் எனக்கு வேண்டாம். கறுப்பர்களும் அடி வாங்காமல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கு லண்டனின் சவுத்தால் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1981 ஜூலை 3, ஹாம்பரோ டாவர்ன் என்ற மதுக்கடையில் 'ஓய்' என்ற முரட்டு ராக் பாணி இசைக்குழுக்கள் மூன்று. பஞ்சாபிகள் நிறைந்த பகுதி அது. 1976இல் அங்கேதான் குர்தீப் சிங் சக்கர் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் அங்கே ஆசிய இளைஞர்கள் தங்களுக்கென்று இயக்கம் கட்டினார்கள். கச்சேரிக்குப் பஸ் பஸ்ஸாக வந்திறங்கிய ஸ்கின்ஹெட்கள் போகிற வழியில் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், கடையில் நின்றவர்களை அடித்தார்கள். ஊர் இளைஞர்கள் திரண்டார்கள். இரவுக்குள் அந்த மதுக்கடை எரிந்து கரியானது. "எங்களுக்கு அரசியல் கிடையாது" என்றார்கள் குழுவினர். இருக்கட்டும், மேடைக்கு முன்னால் நின்றவர்களுக்கு இருந்ததே!

ரெக்கார்டு ராசா:
அதே காலத்தில் இன்னொரு மேடையும் இருந்தது, ஐயா. 1976இல் பர்மிங்காம் கச்சேரியில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறியவர்களைத் திட்டி, குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனக் பவலை ஆதரித்துப் பேசினார். பாதி வாழ்க்கை கறுப்பர்களின் ப்ளூஸை வாசித்தவர்! அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம். 1978இல் லண்டன் விக்டோரியா பார்க்கில் பல்லாயிரம் பேரை அது கூட்டியது. பங்க் என்ற வேகமான ராக் வாசிக்கும் குழுவும் ரெகே குழுவும் ஒரே மேடை ஏறின. அடுத்த ஆண்டு கோவன்ட்ரியில் ஸ்பெஷல்ஸ் குழுவின் ஜெரி டாமர்ஸ் 'டூ டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட சின்னம், கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழுக்கள். ஸ்பெஷல்ஸ், செலக்டர், பீட். பழைய ஸ்காவை பங்கின் வேகத்தில் வாசித்தார்கள். முன்வரிசையில் மீண்டும் மொட்டைத் தலைகள், இந்த முறை ஸ்பெஷல்ஸின் கறுப்பர்களான லின்வல் கோல்டிங்கும் நெவில் ஸ்டேபிளும் மேடையில் கண்ணெதிரே. இது எதையுமே மாற்றவில்லை என்கிறீர்களா?

கமர்ஷியல்ரோடு:
டாமர்ஸ் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதே கோவன்ட்ரியில், டூ டோன் பிறந்த ஊரில், 1981 ஏப்ரலில் நகர மையத்தில் ஓர் இந்திய மாணவரை ஸ்கின்ஹெட்கள் குத்திக் கொன்றார்கள். ஜூனில் ஸ்பெஷல்ஸ் அங்கே இனவெறிக்கு எதிராகக் கச்சேரி நடத்தியது. ஜூலையில் அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' முதலிடத்தில் இருந்தது. நாடெங்கும் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தன. பாட்டு நடப்பதைச் சரியாகச் சொன்னது. தடுத்ததா?

ஓரமாய் ஒருவன்:
ஒரு பாட்டிடம் போலீஸ் வேலையையும் எதிர்பார்க்கிறீர்களே!

ரெக்கார்டு ராசா:
சரியாகக் கேட்டீர்கள், தம்பி. தடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தத் தீவிர வலதுசாரிகள் டூ டோன் கச்சேரிகளுக்கு வந்து ஏன் ரகளை செய்தார்கள்? தங்கள் ஆட்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்ற பயம்தானே?

கமர்ஷியல்ரோடு:
பயந்தவன் டிக்கெட் வாங்கிக்கொண்டா வருவான்? வந்தான், அந்தக் கறுப்பர் பாட்டுக்கே ஆடினான், பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கி நாஜி சல்யூட் வைத்தான். அடுத்த பாட்டுக்கு மறுபடியும் ஆடினான்.