முதியோர் இல்லத்தில் வென்ஃப்ளான்: எப்போது மாற்றணும்?

மார்த்தாண்டம், இல்லச் செவிலியர்:
மறதி நோயுள்ள 82 வயது அம்மாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் (ஆன்டிபயாடிக் ஊசி மருந்து) போட இடது முன்கையில் 22 கேஜ் அளவு நீல வென்ஃப்ளான் (ரத்தக் குழாய்க்குள் மருந்து ஏத்த விட்டுவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) இருக்கு. இன்று 3-ஆம் நாள். வியர்வையில் பிளாஸ்டர் ஓரம் எழும்புது. பிடுங்கிடுவாங்கன்னு மேலே கட்டும் சுத்தியிருக்கோம். 72 மணி நேரம் ஆனா கட்டாயம் மாத்தணுமா?

தக்கலை, ஸ்டாஃப் நர்ஸ்:
முதல்ல கட்டை அவிழ்த்துப் பாருங்க சிஸ்டர். ஊசி ஏறின இடம் கண்ணுக்குத் தெரியாம இருப்பதுதான் ஆபத்து. இடம் நல்லா இருந்தா மணிக்கணக்குக்காக மாத்த வேண்டாம். அவசரத்தில் சுத்தம் பார்க்காம போட்டதுன்னா 48 மணி நேரத்துக்குள் எடுத்திடணும்.

வலியைச் சொல்லத் தெரியாதவங்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது போதாது. டிரிப் ஓடும்போது 1-2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்க. மருந்து ஏத்தும் முன்னும் பின்னும் பார்ப்பது தனி. கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டு மறுகையோடு ஒப்பிடுங்க. சூடா இருந்து, ரத்தக் குழாய் கயிறு மாதிரி தட்டுப்பட்டா அழற்சி. குளிர்ந்து, வீங்கி, தோல் விம்மி நின்னா மருந்து ரத்தக் குழாயை விட்டுத் தோலுக்கடியில் கசியுது. வலி, சிவப்பு, வீக்கம் மூணில் ரெண்டு இருந்தாலே எடுத்துட்டு மறுகையில் போடுங்க. காரணம் தெரியாத காய்ச்சல் வந்தா டாக்டருக்கு உடனே சொல்லணும்.

நாகர்கோவில், தொற்றுத் தடுப்புச் செவிலியர்:
எழும்பின பிளாஸ்டர் மேலே இன்னொன்னு ஒட்டாதீங்க, ஈரம் உள்ளேயே நிக்கும். கழற்றி, குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் தடவி, தானாகக் காய விட்டு, ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் ஒட்டுங்க. விசிறி உலர்த்தக் கூடாது. நம்ம ஊரில் தேங்காய் எண்ணெய் தேய்ச்ச கையில் எதுவும் ஒட்டாது. வென்ஃப்ளான் போடும் முன்னாடியே சோப்புத் தண்ணியில் துடைச்சு உலர்த்தணும். டிரெஸ்ஸிங் 7 நாள் வரை தாங்கும். நனைஞ்சா, தளர்ந்தா அன்றே மாத்தணும். பஞ்சுத்துணி வைச்சா 2 நாள்தான்.

வென்ஃப்ளான் மேல் மூடி வழியா மருந்து போடாதீங்க, அதைச் சரியா சுத்தப்படுத்த முடியாது. கனெக்டரை (வென்ஃப்ளான் முனையில் சிரிஞ்சு மாட்டும் இணைப்பு) 15 விநாடி ஆல்கஹால் துணியால் அழுத்தித் தேய்ச்சு, காய்ந்த பிறகு 10 மி.லி. சிரிஞ்சில் 5 மி.லி. நார்மல் சலைன் (உப்புநீர்) நிறுத்தி நிறுத்தித் தள்ளுங்க. போகலைன்னா பலம் போடாதீங்க. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் இன்னும் கூடும்.

மார்த்தாண்டம், இல்லச் செவிலியர்:
கட்டு இல்லைன்னா பிடுங்குவாங்களே?

தக்கலை, ஸ்டாஃப் நர்ஸ்:
வலைக்குழாய் கட்டு (கையில் மாட்டும் குழாய் வடிவ வலைத்துணி) போடுங்க, தள்ளிவிட்டு உடனே பார்க்கலாம். டியூபை மேல்நோக்கி வளைச்சு சட்டைக் கைக்குள் விட்டா கை அதைத் தேடாது. வென்ஃப்ளானை எடுத்ததும் அந்த இடத்தை 2-3 நிமிஷம் அழுத்துங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு 5 நிமிஷமாவது. குழாய் முனை முழுசா வந்திருக்கான்னு பாருங்க. அடுத்த 48 மணி நேரமும் அந்த இடத்தைக் கவனிங்க. எடுத்த பிறகும் அழற்சி வரும்.