புதுப்பிப்பு: ராயபுரம் பழைய படங்கள், எங்கே நின்று எடுத்தது என்று பிடிபட்டது

சென்னை ராயபுரம் ரயில் நிலையம், கடற்கரை, இரண்டின் பழைய படங்களையும் அதே கோணத்தில் திரும்ப எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தேன், உதவிய எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

காசிமேட்டு அண்ணன் சொன்ன வழிதான் பலித்தது. சாலை, மரம் எல்லாம் மாறிவிட்டது, 1856ல் திறந்த அந்த ரயில் நிலையக் கட்டடத்தையே பிடித்துக்கொள் என்றார். முன்வரிசைத் தூணின் விளிம்பு பின்னால் இருக்கிற சன்னலை எவ்வளவு மறைக்கிறது என்று பழைய படத்தில் பார்த்துவிட்டு, கண்ணுக்கும் அதே அளவு மறையும்வரை பக்கவாட்டில் நகர வேண்டும், அப்புறம்தான் முன்னே பின்னே. போனில் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரத்துத் தூண்கள் சாய்ந்துவிடுகின்றன.

எதிர்பாராதது கடற்கரைப் படம். அதில் நல்ல அகலமாக மணல், இன்று அங்கே கருங்கல் கொட்டிய தடுப்பு. துறைமுகம் வந்தபின் தெற்கிலிருந்து வருகிற மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது. படம் எடுத்தவர் நின்ற இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இப்படிப்பட்ட படத்துக்குக் கற்கள் மேலிருந்து எடுத்ததையே பக்கத்தில் வைத்து, கோணம் வேறு என்று கீழே எழுதிவிடுங்கள்.