பதினொன்றாம் வகுப்பிலேயே பட்டறைக்கு அனுப்பலாமா?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை வாரத்தில் ஒரு நாள் அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் அனுப்பி வேலை பழக்க வேண்டும் என்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள், ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. அடையாற்றில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பதினாறு வயதில் யாரும் பட்டறைக்குப் போகச் சொல்வதில்லை. 2022இல் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்த பிறகு, மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்ற தைரியத்தில், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இந்த நேரத்தில் பட்டறைக்கு அனுப்பினால், ‘உனக்கு இதுதான்’ என்று பள்ளியே முத்திரை குத்தியதாகிவிடும்.

எண்ணூர் லேத் பட்டறை:
அம்மா, கைத்தொழிலை நீங்கள் தாழ்வாக நினைக்கவில்லை என்று தெரியும். ஆனால் உங்கள் வாதம் அங்கேதான் போய் நிற்கிறது. பெரம்பூரில் பின்னி ஆலை ஓடிய காலத்தில் அப்பாவோ மாமாவோ வேலைக்கு வழி காட்டினார்கள். 1996இல் ஆலை மூடப்பட்டபின் அந்த வழி அடைபட்டது; இன்று பல வீடுகளில் அதைக் காட்டுபவர் ஒப்பந்தக்காரர்தான். என்னிடம் வரும் பையன்கள் இயற்பியல் செய்முறையில் வெர்னியர் காலிப்பரால் அளந்து, மீச்சிற்றளவு (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ. என்று பதிவேட்டில் அழகாக எழுதியவர்கள். பட்டறையில் 0.02 மி.மீ. வரை காட்டும் காலிப்பரைக் கொடுத்து ஒரு ஷாஃப்டை அளக்கச் சொன்னால், தாடையை எவ்வளவு இறுக்குவது என்று தெரியாமல் மூன்று முறையும் மூன்று அளவு சொல்கிறார்கள். தொழில் பழகினால் படிப்பு நின்றுவிடும் என்பதும் சரியன்று. தொழிற்கல்விப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
ஐயா, உங்களைப் போல் அளக்கக் கற்றுக்கொடுப்பவரிடம் அனுப்ப எனக்குத் தயக்கமில்லை. எல்லா முதலாளியும் அப்படி இல்லையே. அபாயகரமான தொழில்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டம் சொல்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி சேர்பவருக்கு ஒப்பந்தமும் உதவித்தொகையும் உண்டு. பள்ளி அனுப்பிவைக்கும் பிள்ளைக்கு எதுவும் இல்லை. பிரஸ் இயந்திரத்தில் விரல் சிக்கினால் யார் பொறுப்பு? கூட்டிப் பெருக்குவதும் தேநீர் வாங்கி வருவதும்தான் ‘பயிற்சி’ என்றால் யாரிடம் முறையிடுவது?

கொருக்குப்பேட்டை முன்னாள் மாணவன்:
டீச்சர் சொல்லும் ஆபத்தும் அண்ணன் சொல்லும் குறையும் உண்மைதான். ஆனால் நான் தடுமாறியது வேறு இடத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு கிடங்கில் சேர்ந்தேன். ஊதியச் சீட்டில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று 12 விழுக்காடு மாதந்தோறும் பிடித்தார்கள். யூ.ஏ.என். எண் என ஒன்று இருப்பதோ, அதை வைத்து இணையத்தில் கணக்கைப் பார்க்கலாம் என்பதோ எனக்குத் தெரியாது. உடன் வேலை செய்த ஓர் அக்கா சொல்லிப் பார்த்தபோது, பிடித்த பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையை எங்கே காட்டுவது, வேலையை விட்டால் எந்தத் தாள்களைக் கேட்டு வாங்குவது என்பதெல்லாம் வேலை தேடும் எல்லாருக்கும் தேவை. கல்லூரிக்குப் போகிறவருக்கும் சேர்த்துத்தான். இதைக் கற்றுத்தரப் பட்டறை வேண்டியதில்லை, வகுப்பறையே போதும்.

எண்ணூர் லேத் பட்டறை:
தம்பி சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் சீட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கையில் தொழில் இல்லாவிட்டால், அந்தச் சீட்டில் இருக்கும் தொகை ஏறாது.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
ஊதியச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. குறித்த வகுப்பை அடுத்த குழுக் கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன். பட்டறையைப் பொறுத்தவரை, எழுத்துவடிவில் ஒப்பந்தமும் விபத்துக் காப்பீடும், உடன் ஓர் ஆசிரியரும் இருந்தாலன்றி என் மாணவர் ஒருவரையும் அனுப்பச் சம்மதிக்க மாட்டேன். இவற்றுக்கு உங்கள் பட்டறைக்காரர் சங்கம் உடன்படுமானால், ஐயா, கூட்டத்துக்கு நீங்களே வந்து சொல்லுங்கள்.